வழுவமைதி: மின்மடலின் கடைசி நான்கு வரிகள்

மின்மடலின் அடியில், பெயருக்குக் கீழே தானாக வந்து அமரும் வரிகளை நாம் பெரும்பாலும் படிப்பதில்லை. பதவி, நிறுவனம், தொலைபேசி எண், பிறகு ஒரு பொன்மொழி. அதற்கும் கீழே, 'இம்மடல் இரகசியமானது. உங்களுக்கு உரியதன்று எனில் உடனே அழித்துவிடவும்' என்றொரு எச்சரிக்கை. ஆயிரம் பேர் படிக்கும் பொதுமடலிலும் அந்த எச்சரிக்கை கூச்சமில்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். 'காகிதத்தைச் சேமியுங்கள், தேவையின்றி அச்சிடாதீர்கள்' என்ற வேண்டுகோளும் சேர்ந்துகொண்டால், இரண்டு வரிச் செய்திக்கு இருபது வரி வால். யாரும் சிரிப்பதற்காக எழுதாத, ஆனால் சிரிப்புக்கு இடமளிக்கும் ஓர் இலக்கிய வகையாகவே இது வளர்ந்துவிட்டது.

நிரலாளர்களின் உலகில் இந்தக் கடைசி வரிகளுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. அந்த இலக்கணத்துக்குள் ஒரு நகைச்சுவை மரபும் இருந்தது. இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மொழி எங்கெல்லாம் விளையாடுகிறதோ அங்கெல்லாம் நமக்கு வேலை உண்டு என்பது ஒரு விடை. இன்னொரு விடை சற்றுக் கசப்பானது. முப்பதாண்டுகளாக உலகெங்கும் நிரல் எழுதிவரும் தமிழர்கள் இந்த வரிகளில் சிரித்த சிரிப்பெல்லாம் அநேகமாக இரவல் சிரிப்பு.

நம் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையொப்பத்தின் கீழ் வரும் நகைச்சுவையை வெறும் ஒப்பனையாக நாம் கருதவில்லை. ஒரு கூட்டத்தில் யார் உள்ளே இருக்கிறார், யார் வாசலில் நிற்கிறார் என்பதை அது சொல்லிவிடுகிறது. ஆகவே அந்த நான்கு வரிகளை நம் மொழியில், நம் சிரிப்போடு, புதிதாக வருபவரைக் குத்தாத விதத்தில் எழுதிக்கொள்வது பண்பாடு சார்ந்த ஒரு கடமை.

முதலில் அந்த இலக்கணம். 1995 அக்டோபரில் 'ஆர்.எஃப்.சி. 1855' என்ற ஆவணம் வெளிவந்தது. இணையத்தின் தொழில்நுட்ப வரையறைகள் இந்த ஆர்.எஃப்.சி. வரிசையில்தான் எண்ணிடப்பட்டு வெளியாகின்றன. 1855ஆம் எண்ணுக்குரியது மனிதர்களின் நடத்தையைப் பற்றியது. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்தது. கையொப்பம் சுருக்கமாக இருக்கட்டும், நான்கு வரிக்கு மேல் போகவேண்டாம் என்கிறது அது. அதற்கு அது காட்டும் காரணம் அழகியல் சார்ந்ததன்று. பலர் இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டுகிறார்கள். உங்கள் மடல் நீண்டால் அவர்கள் செலவு கூடும் என்பதே காரணம். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக, மணிக்கணக்குப் பார்த்து வாங்கிய இணைப்பு. மோடத்தின் கீச்சொலியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, பிறர் மடலின் ஒவ்வொரு வரியும் தம் பையிலிருந்து போகும் காசு என்பது விளங்கும். பிறர் செலவில் நீட்டி முழக்காதே என்ற எளிய மரியாதைதான் அந்த நான்கு வரி.

இந்த இலக்கணத்தில் ஒரு நுட்பமும் உண்டு. செய்தி முடிந்ததும் ஒரு தனி வரியில் இரண்டு சிறுகோடுகளும் அவற்றுக்குப் பின் ஓர் இடைவெளியும் வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் முக்கியம். அது இருந்தால், அதற்குக் கீழே உள்ளது கையொப்பம் என்று மடல் மென்பொருள் அறிந்துகொள்ளும்; பதில் எழுதும்போது அதை நீக்கிவிடும். இல்லையென்றால் கையொப்பமும் செய்தியாகிவிடும். யூஸ்நெட்டில் வழக்கமாக இருந்த இக்குறியை 2004இல் வந்த ஆர்.எஃப்.சி. 3676 எழுத்தில் பதிவுசெய்தது. அந்த எல்லைக்கோட்டுக்கு மேலே வேலை, கீழே மனிதன். மேலே சொல்வதற்குத் தரவு வேண்டும், தருக்கம் வேண்டும். கீழே சிரிக்கலாம்.

தமிழில் ஊறியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. கோயிற்சுவர்களில் உள்ள நில விற்பனை ஆவணங்களைப் பாருங்கள். எல்லைகள், விலை, நிபந்தனை எல்லாம் சொல்லி முடித்தபின், 'இவை இன்னார் எழுத்து' என்று ஒவ்வொருவராக ஒப்பமிடுவார்கள். எழுதத் தெரியாதவர் தம் குறியை இடுவார். அதற்குத் தற்குறி என்று பெயர். அக்குறிக்குச் சான்றாக எழுத்தறிந்த இன்னொருவர் தம் பெயரை இடுவார். எழுத்தும் குறியும் ஒரே ஆவணத்தில் ஒரே மதிப்போடு நின்றன. அதே தற்குறி என்ற சொல்தான் பின்னர் எழுத்தறியாதவனைக் குறிக்கும் இழிசொல்லாகி, இன்று இணையச் சண்டைகளில் கல்லாக எறியப்படுகிறது. இந்தச் சொல்லின் வீழ்ச்சியை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இதற்குத் திரும்பி வருவோம்.

பக்தி இலக்கியத்தில் திருஞானசம்பந்தர் இருக்கிறார். அவருடைய பதிகங்களின் இறுதிப்பாட்டு பெரும்பாலும் அவருடைய கையொப்பம். தம் பெயர், தம் ஊரான காழி, இப்பாடலைப் பாடுவோர் பெறும் பயன், இவ்வளவும் நான்கடிக்குள். அதற்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். ஒரு பெயர், ஓர் ஊர், வாசகனுக்கு ஒரு நல்வாக்கு. சுருங்கச் சொல்லி ஒப்பமிடுவதற்கு இதைவிடக் கச்சிதமான வடிவத்தை எந்த ஆர்.எஃப்.சி.யும் கண்டதில்லை. நாம் இருக்கும் தருமபுரி மாவட்டத்தின் நடுகற்களும் இத்தகையவைதான். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீழ்ந்தவன் யார், எதற்காக வீழ்ந்தான் என்பதோடு அவை நிறுத்திக்கொள்ளும். கல்லில் வெட்டுவதற்கும் நிமிடக் கணக்கில் பணம் கட்டுவதற்கும் பொதுவான அறம் ஒன்று உண்டு: இடம் விலையுயர்ந்தது.

இனி நகைச்சுவைக்கு வருவோம். நிரலாளர்களின் நகைச்சுவையைப் பலர் கல்லூரி விடுதிச் சிரிப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் சிறந்த பகுதி நம் புலவர்களின் விளையாட்டுக்கு மிக நெருங்கியது. பெர்ல் மொழியில் வல்லவரான ராண்டல் ஷ்வார்ட்ஸ் 1980களின் பிற்பகுதியில் தம் மடல்களின் அடியில் ஒரு சிறு நிரலை எழுதத் தொடங்கினார். பார்த்தால் புரியாது, இயக்கினால் 'இன்னுமொரு பெர்ல் நிரலாளன்' என்ற பொருள்பட ஒரே ஒரு வாக்கியத்தை அச்சிடும். பிறரும் தொடர்ந்தார்கள். ஒரே வாக்கியத்தை எத்தனை திருகலான வழிகளில் சொல்ல முடியும் என்பதே போட்டி. இது சித்திரகவியன்றி வேறென்ன? முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோலப் படிக்கும் மாலைமாற்று, தேர் வடிவில் எழுத்துகளை அடுக்கும் இரதபந்தம் என்று நாம் பெயரிட்டு வளர்த்த அதே ஆசை. பொருள் சிறிது, வித்தை பெரிது. சித்திரகவியை மட்டுமே எழுதுபவன் கவிஞனா என்ற கேள்வி அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் மொழியின் மூட்டுகள் எங்கெங்கே வளையும் என்று அறிந்தவன்தான் அதைச் செய்ய முடியும்.

அங்கதமும் உண்டு. 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வெய்ட்ஸ்மன் எழுதி வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1149, இணையத் தரவுகளைப் புறாக்கள் மூலம் அனுப்புவதற்கான வரையறை. எழுத்து நடை முழுவதும் அலுவல் நடை. ஒரு சிரிப்புக்குறிகூடக் கிடையாது. 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்து ஆர்வலர்கள் உண்மையாகவே புறாக்களைப் பறக்கவிட்டு அதைச் செயல்படுத்தினார்கள். 9 பொதிகள் அனுப்பினார்கள், 4க்குப் பதில் வந்தது. தமிழில் இதற்குப் பெயர் சூட்டுவது எளிது: புறாவிடு தூது. கிளியையும் அன்னத்தையும் நெஞ்சையும் தமிழையுமே தூதுவிட்ட மரபில் வந்தவர்களுக்கு இந்த நகைச்சுவை இருமடங்காகச் சிரிக்க உரியது. 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மாசின்டர் எழுதிய ஆர்.எஃப்.சி. 2324 காப்பிப் பாத்திரங்களைக் கட்டுப்படுத்தும் நெறிமுறை. தேநீர்க் கெண்டியிடம் காப்பி கேட்டால் அது 418 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. 2017இல் இந்த எண்ணை மென்பொருள்களிலிருந்து நீக்கலாம் என்று பேச்செழுந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, எண் பிழைத்துக்கொண்டது. ஒரு நகைச்சுவைக்காக உலகம் ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறது என்பது நமக்கு ஆறுதலான செய்தியாகவே படுகிறது.

கையொப்பச் சிரிப்பு அரசையும் எதிர்த்திருக்கிறது. அன்று அமெரிக்காவில் வலுவான மறைகுறியீட்டு மென்பொருள் போர்த்தளவாடங்களின் பட்டியலில் இருந்தது. உரிமமின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1995இல் ஆடம் பேக் என்ற பிரித்தானியக் கணினியாளர் ஆர்.எஸ்.ஏ. மறைகுறியீட்டு முறையைச் சில வரிப் பெர்ல் நிரலாகச் சுருக்கினார். மடலின் கையொப்பமாக இடும் அளவுக்குச் சுருக்கினார். சட்டத்தின் சொற்படி பார்த்தால், அந்தக் கையொப்பத்தோடு ஓர் அமெரிக்கர் வெளிநாட்டு நண்பருக்கு நலம் விசாரித்து எழுதினாலே ஆயுதம் கடத்திய குற்றம். அதே நிரல் சட்டைகளிலும் அச்சாகியது. 'இச்சட்டை ஒரு போர்த்தளவாடம்' என்ற எச்சரிக்கையோடு. ஒரு சட்டத்தின் அபத்தத்தை இவ்வளவு சில வரிகளில் காட்டியவர்கள் அதிகமில்லை. அக்கட்டுப்பாடுகள் 2000க்குள் பெரிதும் தளர்த்தப்பட்டன. அதற்கு வழக்குகளும் வணிக நெருக்கடியும் காரணங்கள். ஆனால் அந்தச் சட்டத்தைப் பற்றிச் சிரிக்காமல் பேச முடியாத நிலையை உண்டாக்கியதில் அந்தக் கையொப்பத்துக்குப் பங்குண்டு.

இவ்வளவு சிறப்பையும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நகைச்சுவை ஒரு கதவு. உள்ளே இருப்பவருக்கு அது திறந்திருப்பதாகவே தோன்றும்.

1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் :-) என்ற குறியை முன்மொழிந்தார். அதற்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு மின்தூக்கியையும் பாதரசத்தையும் பற்றி ஒருவர் எழுதிய வேடிக்கைக் குறிப்பு. சிலர் அதை உண்மையான விபத்து எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரே கட்டடத்தில், ஒரே மொழியில், ஒரே துறையில் இருந்தவர்களுக்கே சிரிப்பு எதுவென்று தெரியவில்லை. கடலும் மொழியும் நடுவில் இருந்தால்? ஆர்.எஃப்.சி. 1855 இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. எதிரே இருப்பவரின் பண்பாடும் மொழியும் நகைச்சுவையும் உங்களுடையவற்றிலிருந்து வேறுபடலாம். மரபுத்தொடர்கள் நன்றாகப் பயணம் செய்வதில்லை. குத்தலில் மிகுந்த கவனம் தேவை என்கிறது. நான்கு வரி விதியை நினைவில் வைத்திருப்பவர்கள் அதே ஆவணத்தின் இந்த விதியை மறந்துவிட்டார்கள்.

நம் ஏரியூரிலிருந்து பென்னாகரம் வழியாகப் பேருந்தேறித் தருமபுரிக்குப் படிக்கப் போகும் ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். 2013இல் செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டபின் அந்தத் தொலைவு குறைந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். பைத்தான் மொழியைக் கற்கத் தொடங்குகிறாள். அது பாம்பின் பெயர் என்று நினைக்கிறாள். அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் பெயரிட்டது மான்டி பைத்தான் என்ற பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவை நினைத்து. எடுத்துக்காட்டுகளில் ஸ்பாம் என்றும் எக்ஸ் என்றும் மாறிகள் வருகின்றன. அது அக்குழு 1970இல் நடித்த ஓர் உணவக நாடகத் துணுக்கின் எதிரொலி. எங்கு பார்த்தாலும் 42 என்ற எண் வருகிறது; அது டக்ளஸ் ஆடம்ஸின் அறிவியல் புனைகதை. அவள் கணக்கில் தவறில்லை, தருக்கத்தில் தவறில்லை. ஆனால் எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருப்பதைக் கவனிக்கிறாள். பிறகு, புரியாமலே சிரிக்கப் பழகுகிறாள். இந்த இரண்டாவது நிலைதான் நமக்கு வருத்தமானது.

இதைவிடக் கடுமையானவையும் உண்டு. ஐயம் கேட்கும் புதியவரிடம், தீர்வு இதுதான் என்று சொல்லி, கணினியிலுள்ள எல்லாக் கோப்புகளையும் அழித்துவிடும் ஆணையைக் கற்றுக்கொடுப்பது நீண்டகாலம் ஒரு வேடிக்கையாக இருந்தது. பின்னாளில் அந்த ஆணைக்கு மென்பொருளிலேயே ஒரு காப்பு வைக்க வேண்டியிருந்தது. கேள்வி கேட்டவரிடம் 'கையேட்டைப் படி' என்று ஒரு வசைச்சொல்லைச் செருகிச் சொல்லும் நான்கெழுத்துச் சுருக்கத்தைக் கையொப்பத்திலேயே பொறித்துக்கொண்டவர்கள் உண்டு. கேள்வி வரும் முன்பே விடையாக ஓர் உதை. தற்குறி என்ற சொல்லுக்கு நேர்ந்தது இதுதான். எழுத்தறியாதவரின் குறிக்கும் ஆவணத்தில் இடமளித்த சமூகம், பின்னர் அந்தக் குறியையே வசையாக்கியது. அறியாமையை நோக்கிச் சிரிப்பது மிக எளிது. அதனாலேயே அது மிக மலிவு.

இரவல் சிரிப்பு நமக்கு எப்படி வந்தது என்பதற்கும் நியாயமான ஒரு காரணம் உண்டு. 1995இல் பாலா பிள்ளை தமிழ்.நெட்டைத் தொடங்கியபோதும், 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரமும் நண்பர்களும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோதும், தமிழ் எழுத்து மடலில் போய்ச் சேருமா என்பதே கேள்வி. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியாக்கம். அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெற்றவரிடம் இல்லையெனில், 'அன்புடன்' என்று எழுதியது கொம்பும் கால்களும் முளைத்த அயல் எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் மின்மடல்களிலேயே விவாதித்து திஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டை அறிவித்தது. யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தபோதும் சாதாரணக் கணினிகளில் அது பரவலாக இயங்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்நிலையில் எல்லா மடலிலும் தானாக ஒட்டும் நான்கு வரியை யார் தமிழில் வைப்பார்கள்? ஆங்கிலத்தில் வைத்தார்கள். அது அன்று விவேகம். இன்று கைப்பேசியிலும் தமிழ் பிழையின்றிப் போகிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் நிரலாளர் நகைச்சுவைக்குச் சரக்கு இல்லையா என்றால், தேடவே வேண்டியதில்லை, கலைச்சொற்களிலேயே கொட்டிக்கிடக்கிறது.

நிரலில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்பார்கள். தமிழ்க் கணிமையில் அதற்கு வழங்கும் சொல் வழு. தொல்காப்பியமும் நன்னூலும் பேசும் அதே வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை. இலக்கணிகள் அத்துடன் நிற்கவில்லை; வழுவமைதி என்று ஒன்றையும் வைத்தார்கள். பிழைதான், ஆனால் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம். பசுவைப் பார்த்து உவப்பினால் 'அம்மா வந்தாள்' என்று சொன்னால் அஃறிணை உயர்திணையாகிறது, அது வழுவமைதி. நிரலாளர்களின் மிகப் பழைய சமாளிப்பு ஒன்று உண்டு: 'இது பிழையில்லை, வசதி.' தமிழில் அதை இரண்டு சொல்லில் சொல்லலாம்: வழுவன்று, வழுவமைதி. நம் மொழியில் இது கூடுதல் கூர்மை பெறுகிறது. ஆங்கிலச் சமாளிப்பு அத்துடன் தப்பித்துக்கொள்ளும். தமிழ் இலக்கணமோ காரணம் கேட்கும்: உவப்பா, உயர்வா, சிறப்பா, எதனால் இந்த வழு அமைந்தது? நிரலாளர் காரணம் சொல்லியாக வேண்டும். சிரிப்புக்குள் ஒரு பொறுப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொன்று, திறந்த மூலம். நிரலின் மூலத்தை எல்லோரும் பார்க்கலாம் என்ற உயர்ந்த கொள்கைக்கு வைத்த பெயர். ஆனால் மூலம் என்றதும் சித்த மருத்துவரின் விளம்பரப் பலகை நினைவுக்கு வராத தமிழர் உண்டா? காளமேகம் இருந்திருந்தால் இதை ஒரு வெண்பாவுக்குள் விட்டு வைத்திருக்க மாட்டார். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் நிபந்தனைக்குப் பின்னால் 'ஆனால்' என்று எழுத வேண்டும். 'இப்படி இருக்குமானால்' என்ற பொருளில் அது மிகச் சரி. தமிழ் வாக்கிய அமைப்புக்கு இயல்பானது. ஆனால் அதே சொல்தான் நம் அன்றாடப் பேச்சில் எல்லா வாக்குறுதியையும் கவிழ்க்கும் சொல். 'வேலை முடிந்துவிட்டது, ஆனால்' என்று நிறுத்தினால் எந்த மேலாளருக்கும் புரியும்.

உலகப் புகழ்பெற்ற ஒரு நகைச்சுவை தமிழில் செத்துவிடுவதையும் சொல்ல வேண்டும். 'உலகில் 10 வகை மனிதர்கள் உண்டு: இரும எண் அறிந்தவர்கள், அறியாதவர்கள்.' இரும எண்முறையில் 10 என்பது இரண்டு, அதுதான் வேடிக்கை. இதைத் தமிழ் எண்களில் எழுதுங்கள். நம் மரபில் பத்துக்கு ௰ என்று தனிக்குறி உண்டு. அதில் ஒன்றும் இல்லை, சுழியமும் இல்லை. இரண்டாகப் படிக்க வழியே கிடையாது. தமிழ்ச் சுழியக் குறி யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான். எனவே அந்த நகைச்சுவை நம் பழைய எண்களுக்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறது. ஒருமுறையாவது கதவின் அந்தப் பக்கம் யார் என்று பார்ப்பது நல்லது.

மறுப்புகள் வரும். நிரலாளர் சமூகம் உலகளாவியது. தமிழில் கையொப்பமிட்டால் மற்றவர்களை வாசலில் நிறுத்துவதாகாதா என்று கேட்கலாம். செய்தி வேறு, கையொப்பம் வேறு என்று பிரிக்கத்தான் அந்த இரண்டு சிறுகோடுகள். செய்தி எல்லோருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும். கீழே உள்ளது நாம் யார் என்பதைச் சொல்கிறது. அது புரியாததால் யாருடைய வேலையும் கெடாது. ஜப்பானிய எழுத்தில் பெயரிட்டு வரும் மடலை நாம் ஒரு குறையாகக் கருதுகிறோமா? நிறுவன விதி இடம்தராது என்றும் சொல்வார்கள். நிறுவனத்தின் மடலில் நிறுவனத்தின் வால் இருந்துவிட்டுப் போகட்டும். தாமாக விரும்பி எழுதும் நிரலுக்கும் அதைச் சார்ந்த மடலுக்கும் எந்த விதி தடை?

பெயரையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும் படிவங்களால், அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராக்கி, அலுவலகத்தில் அப்பாவின் பெயராலேயே அழைக்கப்படும் தமிழர்கள் ஏராளம். இதுவே ஒரு நகைச்சுவைதான். ஆனால் இதை எழுதியவர்கள் நாமல்லர். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் ஆணையிட்டது. ஆணை அலுவலகத்துக்கு. கையொப்பத்துக்கு நம் விருப்பமே போதும்.

எனவே நாம் முன்வைக்கும் ஒழுங்கு எளியது. நான்கு வரிக்கு மேல் வேண்டாம். இணைப்பு மலிந்துவிட்டது, கவனம் இன்னும் மலியவில்லை. பெயர் நம் வழக்கப்படி இருக்கட்டும். ஊர் இருக்கட்டும்; சம்பந்தருக்குக் காழி இருந்ததுபோல. சிரிப்பு ஒன்று போதும். அது நம்மையோ இயந்திரத்தையோ அதிகாரத்தையோ பார்த்துச் சிரிக்கட்டும், கேள்வி கேட்க வந்தவரைப் பார்த்து வேண்டாம். யாரேனும் 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்டால் பொறுமையாக விளக்கவேண்டும். விளக்கினால் நகைச்சுவை கெடும் என்பார்கள். உரையாசிரியர்களால் வாழ்ந்த மொழி நம்முடையது; சிலேடைக்கு உரை எழுதி, அந்த உரையையும் சுவைத்தவர்கள் நாம்.

குறள்களைக் கையொப்பமாக வைத்திருக்கும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். ஏழு சீரில் முடியும் குறள் நான்கு வரி விதிக்கு மிகப் பொருத்தமானதுதான். ஆனால் அது வள்ளுவருடைய சொல். பேருந்திலும் அது இருக்கிறது. கையொப்பத்தில் நம் சொல்லும் ஒன்று இருக்கலாம். மாதிரிக்கு ஒன்று:

--
ஏரியூர், பென்னாகரம் வட்டம்
வழு கண்டால் சொல்லுக; திருத்துவோம்.
வழுவமைதி எனில் காரணம் நாம் சொல்வோம்.

மூன்று வரிதான் ஆகியிருக்கிறது. முதல் வரி உங்கள் பெயருக்கு.